கண்மாய்க்குக் கேட்கும்படி

போன ஞாயிற்றுக்கிழமை அரைக்கீரை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்து நிழலில் சற்று நின்றேன். மோட்டார் சைக்கிளில் ஒரு பையனும் பெண்ணும் வந்து நின்றார்கள். விளாங்குடியிலிருந்து வருகிறார்களாம். ஹெல்மெட்டைக் கழற்றிய கையோடு அந்தப் பெண், "பாட்டி, இந்த ஊர்ல பாக்குறதுக்கு என்னென்ன இருக்கு?" என்று கேட்டாள்.

புது ஆள் யாராவது முகம் பார்த்துப் பேசினால் எனக்கு நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். இந்த வயதிலும் அது இறங்கி வந்தபாடில்லை. "கம்மா இருக்கு" என்றேன். அம்புட்டுத்தான் வந்தது.

"அது தெரியும் பாட்டி" என்று சிரித்துவிட்டு, போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதில் படம் படமாக ஓடியது. கண்மாய்க் கரை, கலுங்கு, மண் குதிரைகள், கரை முடியும் இடத்தில் தர்கா, பின்னால் மலைப்பாறையில் வழவழவென்று வெட்டிய படுக்கைகள், தண்ணீருக்குள் நிற்கும் மடைக்கல். மேலே 'ஒரே நாளில் சுற்றிப் பார்க்க' என்று போட்டிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டேன். "இதுல எது ரொம்ப நல்லாருக்கும்?" என்று பையன் கேட்டான். கீரைக்கட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடையைக் கட்டினேன். நல்ல வேளை, பின்னாலேயே வந்து கேட்கவில்லை.

ஆனால் அன்றைக்குக் கீரை ஆய உட்கார்ந்தால் தண்டு எது இலை எது என்று கை தடுமாறுகிறது. அந்தப் போனில் பார்த்த இடம் எல்லாம் நான் பயந்த இடம். மற்றவர்கள் சுற்றிப் பார்க்கிற இடத்தை நான் பல வருஷம் சுற்று வழியில் கடந்து போனவள். அதிலும் வேடிக்கை என்னவென்றால், எனக்கும் அந்த இடங்களை எல்லாம் ஒருவர் ஒரே நாளில்தான் சுற்றிக் காட்டினார்.

நான் பிறந்தது திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் காட்டில். எங்கள் பக்கம் தண்ணீர் என்றால் அது கிணற்றின் அடியில் கிடப்பது. எட்டிப் பார்த்தால் நம் முகத்தளவுக்குத் தெரியும். தண்ணீர் இல்லையே என்றுதான் அங்கே பயப்படுவார்கள், இருக்கிறதே என்று பயந்தவர் யாரும் கிடையாது. ஆவணியில் எனக்குக் கல்யாணம். சமயநல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்கி மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். புது மணப்பெண், குனிந்த தலை நிமிரவில்லை. அதனால் இந்த ஊர் எனக்கு முதலில் மூக்கு வழியாகத்தான் வந்தது. புளியமரங்கள் முடிந்து வண்டி திரும்பியதும் குப்பென்று ஒரு வாசம். பாசியும் சேறும் மீனும் ஈரச் சாக்கும் சேர்ந்த வாசம். இன்றைக்கும் நனைந்த கோணிச் சாக்கை முகர்ந்தால் எனக்கு அந்த மாட்டு வண்டிதான் ஞாபகம் வரும்.

அந்த வாசத்துக்குத்தான் தலையைத் தூக்கினேன். எதிர்க்கரையே தெரியவில்லை. வானம் இறங்கி வந்து தரையில் படுத்துக் கிடக்கிறது என்றே நினைத்தேன். என்ன இது என்று கேட்க ஆசை. கேட்பதற்குப் பக்கத்தில் இருந்தவரோ காலையில் தாலி கட்டிய மனிதர். அவராகத்தான் வாய் திறந்தார். "இதான் நம்ம கம்மா" என்றார். கட்டிய பெண்டாட்டியிடம் முதன்முதலாகப் பேசுவதற்கு அவருக்குக் கிடைத்த பேச்சைப் பாருங்கள்.

இந்த ஊரில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வருகிற பெண், கல்யாணம் முடிந்து வரும் முதல் வெள்ளிக்கிழமை கண்மாய்க்குப் 'பேர் கொடுக்க' வேண்டும். படித்துறையில் இறங்கி முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டு, நான் இன்னார் மகள், இன்ன ஊர்க்காரி, இன்னாருக்கு வாக்கப்பட்டு வந்திருக்கேன், எங்க ரெண்டு பேரையும் தெரிஞ்சு வச்சுக்க என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அந்த 'இன்னாருக்கு' என்கிற இடத்தில் புருஷன் பெயரைச் சொல்ல வேண்டும். புருஷன் பெயரை வாயால் சொல்லாத காலம் அது. ஆயுளுக்கும் ஒரே தடவை, அதுவும் தண்ணீரிடம் மட்டும், சொல்லலாம்.

கூட்டிப் போனது என் வீட்டுக்காரரின் அக்கா பாண்டியம்மா மதினி. உள்ளூரிலேயே வாக்கப்பட்டவர். ஆள் நல்ல உயரம், குரல் அதைவிட உயரம். பேர் கொடுப்பதற்கு முன்னால் ஊரில் யார் யார் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று புதுப்பெண்ணுக்குக் காட்டிவிட வேண்டுமாம். இல்லாவிட்டால் தெரியாமல் போய் மிதித்துவிடுவாளாம். விடிந்து பலகாரம் தின்றதும் கிளம்பினோம்.

முதலில் கலுங்கு. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற இடம். கல் கல்லாக நட்டு வைத்திருப்பது பல்வரிசை மாதிரி இருந்தது. "இது கம்மாயோட வாயி. நெறஞ்சுட்டா இது வழியாத்தான் பேசும். இது பேசுறப்ப நாம பேசப்படாது" என்றார் மதினி. எனக்கு அந்த நிபந்தனை ரொம்பச் சௌகரியமாகத்தான் இருந்தது.

அடுத்து மண் குதிரைகள். முழி பிதுங்கி, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. "கண்ணப் பாக்காம வா." அதற்குப் பிறகு என் கண் வேறு எங்கே போகும்? நடந்து தாண்டிய பிறகும் முதுகில் அந்த முழிகள் ஊர்வது போலவே இருந்தது.

மலைப்பாறை ஏறினோம். மேலே குடை மாதிரி பாறை கவிந்து, அடியில் ஆள் படுக்கிற அளவுக்கு வரிசையாகப் படுக்கைகள், தலைமாட்டுக்குக் கல்லிலேயே ஒரு மேடு. ஏறி வந்த களைப்பில் உட்காரப் போனேன். மதினி கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்.

"அடியே, அதுல உக்காராத! பஞ்சபாண்டவுக படுத்த எடம். அதுல படுத்தவுகளுக்கு எந்திரிக்க மனசு வராது. எங்க சின்னய்யா ஒரு மத்தியானம் கண்ணசந்தாரு. அப்புறம் நாலு நாளைக்குப் புத்தி தெளியல."

சின்னய்யா அன்றைக்கு வயிறு முட்டக் கள் குடித்திருந்தார் என்பது பின்னால் வேறு ஆள் சொல்லித் தெரிந்தது. பாண்டவர் இல்லை, அந்தக் காலத்துச் சமணச் சாமியார்கள் தங்கிய இடம் என்று இப்போது அங்கே பலகை வைத்திருக்கிறார்கள். எது எப்படியோ, நான் இன்றுவரை அதில் உட்கார்ந்ததில்லை.

தர்காவில்தான் கொஞ்சம் மூச்சு வந்தது. பக்கத்து வீட்டு மைமூன் அக்கா எங்களைப் பார்த்ததும் உள்ளங்கையில் சர்க்கரை வைத்துக் கொடுத்தார். அவர் வீட்டுக்காரருக்கு மதுரை டவுனுக்குள் கடை. வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவார். அதனால் மைமூன் அக்காவுக்குப் பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார். "புதுப்பொண்ணா? மூஞ்சி ஏன் இம்புட்டுக்கா சுருங்கிக் கெடக்கு? அந்தப் பாண்டியம்மா பேச்சக் கேக்காத புள்ள, அவ பேயவே பயங்காட்டுவா. இங்க அடங்கியிருக்கிற அவுலியா ஒரு வெள்ளத்துல கரை ஒடைஞ்சப்ப ஒடப்புலயே குறுக்காப் படுத்துத் தண்ணிய நிப்பாட்டுனவுக. அவுக இருக்குறப்ப ஒனக்கென்ன பயம்?" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் கரை உடையும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

கடைசியாக மடைக்கல். கரையிலிருந்து பத்தடி தள்ளித் தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள், குறுக்கே ஒரு கல். அடியில் கல்தொட்டி, அதில் ஒரு ஓட்டை, ஓட்டையை அடைத்து ஒரு கட்டை. வயலுக்குத் தண்ணீர் விட மேலே நின்றபடி கழியால் அந்தக் கட்டையைத் தூக்குவார்கள். தூணில் ஒரு பெண் உருவம் செதுக்கியிருந்தது. இடுப்புவரை தண்ணீருக்குள் நின்றாள்.

"யாரு மதினி அது?" அன்றைக்கு நான் கேட்ட ஒரே கேள்வி.

"ஒன்ன மாதிரி வெளியூர்க்காரிதான். பேரு கொடுக்காம தண்ணிக்கு வந்துட்டா" என்றார் மதினி.

பிறகு என்னைப் படித்துறையில் இறக்கினார். துவைக்க வந்த பெண்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். காலடியில் பாசி வழுக்கியது, மீன் குஞ்சுகள் விரலைக் கொத்தின. அப்பா பெயரைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன். அடுத்தது வர வேண்டிய இடத்தில் அவர் பெயர் வரவில்லை. உதட்டை மட்டும் அசைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என்னடி சொன்ன? பக்கத்துல நிக்கிற எனக்கே கேக்கல, அம்புட்டுப் பெரிய கம்மாக்கு எப்படிக் கேக்கும்?"

படித்துறையே சிரித்தது. "வெக்கப்படுது, விடுக்கா" என்று ஒருத்தி. "வீட்டுல போயி காதுக்குள்ள சொல்லிப் பழகிட்டு வரச் சொல்லு" என்று இன்னொருத்தி. மதினி மட்டும் சிரிக்கவில்லை. என்னை மேலே ஏற்றி முந்தானையைப் பிழிந்துவிட்டுக்கொண்டே குரலை இறக்கிச் சொன்னார். "வெளையாட்டு இல்லடி. பேரு சொல்லாத ஆம்பளை அனாதை மாதிரி. இவனத் தேடி யாரும் வரமாட்டாகன்னு கம்மா நெனச்சுக்கிரும். சரி, அடுத்த வெள்ளிக்கெழமை வந்து ஒழுங்காச் சொல்லு."

அடுத்த வெள்ளிக்கிழமை தெருவில் ஒரு சாவு. அதற்கடுத்த வாரம் மதினி வீட்டுப் பசு கன்று போட்டது. அப்புறம் நடவு வந்துவிட்டது. மதினி மறந்தே போனார். ஞாபகப்படுத்தலாம் என்றால், மறுபடி அத்தனை பேர் நடுவில் நிற்க வேண்டுமே. இன்றைக்கு நாளைக்கு என்று வாய் வராமல் நாள் போனது. என் வீட்டுக்காரரோ தினம் விடிந்தால் அந்தக் கண்மாயில்தான் குளியல். ஊரிலேயே அவரைப் போல நீந்துகிறவர் கிடையாது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் கிளம்புவதும், ஈரத் தலையோடு திரும்பி வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வருவதும் வாடிக்கையாகிவிட்டது. தேடி வரமாட்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாதே என்று, அவர் குளிக்கப் போகும்போதெல்லாம் குடத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போவேன். தெருவில் என்னைக் 'கொடத்துக்காரி' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். எங்கள் வீட்டில் அந்த நாட்களில் தண்ணீர் எப்போதும் தேவைக்கு மேல் இருந்தது.

ஐப்பசி பிறந்தது. மழையும் பிறந்தது.

மழையை நான் அதுவரை விருந்தாளியாகத்தான் பார்த்திருக்கிறேன். இங்கே அது வீட்டு ஆள் மாதிரி வந்து உட்கார்ந்துகொண்டது. விறகு நனைந்து புகைந்தது. துணி காயாமல் வீச்சமடித்தது. கலுங்கு பேச ஆரம்பித்தது. முதலில் முணுமுணுப்பு. பிறகு வீட்டுக்குள் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காத அளவுக்கு இரைச்சல். அந்த இரைச்சலுக்குப் பழகிவிட்டேன் என்று நினைத்த ஒரு காலையில் அது சட்டென்று அடங்கியது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. மாமியார் கையிலிருந்த உலக்கையை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு வாசலுக்கு வந்தார். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது நல்லதற்கு இல்லை என்று புரிந்தது. மேற்கே எங்கிருந்தோ வேரோடு அடித்து வந்த மரமும் முள்ளும் கலுங்கை அடைத்துவிட்டன. வழிய வழியில்லாத தண்ணீர் கரையைத் தேடும்.

சற்று நேரத்தில் தமுக்குச் சத்தம். வீட்டுக்கு ஒரு ஆம்பளை மண்வெட்டியோடு கரைக்கு வரவேண்டும் என்று. என் வீட்டுக்காரர் நின்றபடியே நீராகாரத்தைக் குடித்தார். கோணிச் சாக்கை மடித்துத் தலைக்குக் கொங்காணி போட்டுக்கொண்டார். அதை எடுத்துக் கொடுத்தது நான்தான். போகாதீங்க என்று சொல்லத்தான் பக்கத்தில் போனேன்.

"என்ன புள்ள, பயமா இருக்கா?" என்றார்.

தலையை ஆட்டினேன்.

"நம்ம கம்மாதான? நம்மள என்ன செஞ்சுரும்? வாரேன்."

நம்ம கம்மாதான். ஆனால் அதற்கு நம்மைத் தெரியாதே. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்ல வாய் எடுப்பதற்குள் தெருமுனை திரும்பிவிட்டார்.

அன்று பகலே விடியாத பகலாக இருந்தது. மாமியார் நெல் குதிருக்குச் சுற்றிலும் செங்கல் அடுக்கினார். கோழிகளைப் பரணில் ஏற்றினார். நான் அவர் சொன்ன வேலையைச் செய்தேன், செய்ததையே திரும்பவும் செய்தேன். உச்சிவேளை இருக்கும். பாண்டியம்மா மதினி நனைந்த சேலையோடு ஓடி வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். அந்தக் குரலில் உயரம் இல்லை.

"கரை கசியுதும்மா. மடையத் தொறந்து விட்டாத்தான் கரை நிக்குமாம். கழி முறிஞ்சு போச்சு. உள்ள எறங்கித்தான் கட்டைய உருவணும். மடைக்காரரு காய்ச்சலாக் கெடக்காரு. தம்பி எறங்குறேன்னுட்டான்."

மடைக்கட்டையை அடியில் போய் உருவுவது எப்படிப்பட்ட வேலை என்று அதற்குள் எனக்கும் தெரிந்திருந்தது. கட்டை கையோடு வந்ததும் அந்த ஓட்டை சுற்றியுள்ள தண்ணீரை எல்லாம் உறிஞ்சும். அந்த நொடியில் விலகாதவன் காலோ கையோ அதற்குள் போனால் மேலே இருப்பவர்கள் கயிற்றை இழுத்தும் பயனில்லை. மாமியார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மதினி என்னைப் பார்த்தார். நான் மதினியைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் அது ஞாபகம் வந்தது.

"அடியே," என்றார் மதினி, "நீ அப்புறம் பேரே கொடுக்கல இல்ல?"

ஓடினேன். இந்த ஊருக்கு வந்த பிறகு நான் தெருவில் வேகமாக நடந்தது கூட இல்லை. செருப்பில்லாத காலில் முள் ஏறியது கூட வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். படித்துறைக்குப் போகலாம் என்று பார்த்தால் படித்துறையே இல்லை. கடைசிப் படியும் தண்ணீருக்குள் போய்விட்டது. சிவப்பாக, நுரையோடு, மூச்சு வாங்குகிற மாடு மாதிரி தண்ணீர் ஏறி ஏறி இறங்கியது. தர்காவுக்கு முன்னால் பெண்கள் கூடி நின்று ஓதிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மைமூன் அக்கா கூட்டத்தை விட்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாகக் கரையேறினோம்.

கரையில் ஆம்பளைகள் கூட்டம். அத்தனை பேர் தலையிலும் சாக்கு. பின்னாலிருந்து பார்த்தால் யார் எவர் என்று தெரியாது. ஒரு சாக்கு மட்டும் கரை ஓரம் தனியாகக் கழற்றி வைத்திருந்தது. அதை நான் அடையாளம் கண்டுகொண்டேன். காலையில் நான் மடித்த மடிப்பு. கயிறு ஒன்று நாலு பேர் கையிலிருந்து மடைக்கல்லுக்கு அந்தப் பக்கம் போய்த் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. மடைக்கல்லின் தலை மட்டும்தான் வெளியே. அந்தப் பெண் உருவம் முழுவதும் மூழ்கிவிட்டது.

"எறங்கி எம்புட்டு நேரமாச்சு?" என்று மைமூன் அக்கா கேட்டார். மழை அடித்த அடியில் அது யார் காதிலும் விழவில்லை.

கயிறு ஒருமுறை விறைத்தது. பிறகு தொய்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு அவர் பெயரை உள்ளுக்குள் சொல்ல ஆரம்பித்தேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். உதடு அசைவதைப் பார்த்துவிட்டார் மைமூன் அக்கா. இந்த வழக்கம் அவருக்கும் தெரியும். என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"மனசுக்குள்ள சொன்னா அல்லாவுக்குக் கேக்கும் புள்ள. கம்மாக்குக் கேக்காது. சத்தமாச் சொல்லு!"

சொன்னேன். சொன்னேன் என்பதை விடக் கத்தினேன் என்பதுதான் சரி. அவர் பெயரோடு நிற்கவில்லை. இன்னார் மகள், இன்ன ஊர்க்காரி, இன்னாருக்கு வாக்கப்பட்டு வந்திருக்கேன், எங்க ரெண்டு பேரையும் தெரிஞ்சு வச்சுக்க என்று அன்றைக்குப் படித்துறையில் சொல்லாமல் விட்டதை எல்லாம் ஒரே மூச்சில், கண்ணைத் திறக்காமல், கத்தித் தீர்த்தேன். மூச்சு வாங்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

கண்ணைத் திறந்தால் அத்தனை சாக்குத் தலையும் என் பக்கம் திரும்பியிருக்கிறது. ஒருவர் கூடத் தண்ணீரைப் பார்க்கவில்லை.

அவர் நான் வருவதற்கு முன்பே மேலே வந்துவிட்டாராம். கட்டையை உருவியாகிவிட்டது. கயிற்றை அவிழ்த்து விட்டுவிட்டு, மடைக்கல்லுக்கு இந்தப் பக்கம், கூட்டத்தின் காலடியில் குனிந்து உட்கார்ந்து குடித்த தண்ணீரை எல்லாம் கக்கிக்கொண்டிருந்தார். கயிறு விறைத்ததும் தொய்ந்ததும் தண்ணீர் இழுத்ததில்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட என்னை அண்ணாந்து பார்த்தார்.

"ஏ மாப்ள," என்றார் கயிற்றைப் பிடித்திருந்த ஒருவர், "ஒன்னையத்தான் பேரு சொல்லிக் கூப்புடுது. போயி என்னான்னு கேளு."

"மாமனாரு பேரு, ஊரு, எல்லாஞ் சொல்லியாச்சுண்ணே. இனி கம்மா காயிதம் போடுறதுன்னாலும் வெலாசம் இருக்கு" என்றார் இன்னொருவர்.

கரை நிற்குமா போகுமா என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த கூட்டம் அப்படிச் சிரித்தது. எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. கரை உடைந்தால் கூடப் பரவாயில்லை என்று ஒரு நொடி நினைத்தேன், பொய் சொல்வானேன். மைமூன் அக்கா முக்காட்டுக்குள் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா தெரியாது. கீழே மடை வாய்க்காலில் தண்ணீர் இடிபோல இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. கீழ்வயல் நடவு முழுக்கப் போனது. கரை நின்றது.

வீட்டுக்கு வந்து அவருக்குச் சுக்குத் தண்ணி வைத்துக் கொடுத்தேன். வாங்கிய டம்ளரை வாய்க்குக் கொண்டு போகாமல் கீழே வைத்தார்.

"கட்டை வந்ததும் ஒரு இழுப்பு இழுத்துச்சு புள்ள" என்றார் மெதுவாக. "கணுக்கால் வரைக்கும் போயிருச்சு. எப்படி உருவுனேன்னு தெரியல. மேல வந்து உக்காந்தா எங்க இருக்கேன், யாருன்னு ஒண்ணும் வெளங்கல. ஆளுக வந்து என்னென்னமோ கேக்குறாக. நீ கத்துனப்பத்தான், அட, இது எம் பேராச்சேன்னு தோணுச்சு."

அவர் கணுக்காலைச் சுற்றி வளையம் போட்டது மாதிரி தோல் வழன்றிருந்தது. மஞ்சள் அரைத்துப் போட்டேன். அதன் வடு கடைசிவரைக்கும் இருந்தது.

பேர் கொடுத்துவிட்டோமே, இனிப் பயம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அப்படி விலகிப் போகிற பயமா அது? முன்பு தெரியாததற்குப் பயந்தேன். அந்த வடுவைப் பார்த்த பிறகு தெரிந்தே பயந்தேன். ஒவ்வொரு ஐப்பசிக்கும் தமுக்கு அடித்தார்கள். ஒவ்வொரு ஐப்பசிக்கும் அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு 'வாரேன்' என்று போனார். பிள்ளைகள் பிறந்தார்கள், ஓட்டு வீடு மெத்தை வீடானது, எனக்குக் கண்ணாடி வந்தது. மழை இறங்கினால் மட்டும் நான் அதே வாசலில் அதே பெண்ணாக நின்றேன். வானத்தில் மேற்கே கருத்தால் அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிடுவேன். பிள்ளைகள் கேலி செய்வார்கள். அவர் மட்டும் கேலி செய்ததில்லை.

இப்போது மடைக்கு இரும்புக் கதவு போட்டுச் சக்கரம் வைத்திருக்கிறார்கள். காய்ச்சல்காரர் கூடத் திருகலாம். படித்துறை இருந்த இடத்தில் கல் பாவி, நடை பழகுகிறவர்களுக்குப் பாதை போட்டாயிற்று. மைமூன் அக்கா குடும்பம் மதுரைக்கே போய்விட்டது. பாண்டியம்மா மதினி படுக்கையில் கிடந்த கடைசி மாதம், பார்க்க வந்தவர்களை எல்லாம் யாரென்று தெரியாமல் விழித்தார். என்னை மட்டும், "என்னடி, சொல்லிட்டியா?" என்று கேட்டார். பேர் கொடுக்கும் வழக்கம் எந்த வருஷத்தோடு நின்றது என்று யாரிடம் கேட்டாலும் தெரியவில்லை. தமுக்கு அடிக்கிறவர் இல்லை. கண்மாய் நிறைந்தால் போனில் செய்தி வருகிறது. ஆம்பளைகள் யாரும் கரைக்குப் போக வேண்டியதில்லை, பெரிய மண் அள்ளும் வண்டி வந்து பார்த்துக்கொள்கிறது. நல்லதுதான். நான் ஒன்றும் குறை சொல்லவில்லை.

அவரும் போய்விட்டார். கட்டிலில் படுத்தபடி, நல்ல பகலில், சொம்பில் தண்ணீர் கேட்டு வாங்கி இரண்டு மடக்குக் குடித்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். தண்ணீர் அவரை ஒன்றும் செய்யவில்லை.

போன ஐப்பசியில் வாரக்கணக்கில் விடாமல் பெய்தது. கண்மாய் தளும்பி நிற்பதை வேடிக்கை பார்க்க ஊரே குடையோடு போனதாம். நான் போகவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தேன். தலை சாய்த்ததும் தூக்கம் வந்துவிட்டது.